‘என்னங்க’ என்றால் பாதி பஸ் திரும்பும்

பஸ் கிளம்பிவிட்டது. நான் முன்பக்கம் நிற்கிறேன். அவர் பின்பக்கம் ஏறினாரா இல்லையா தெரியவில்லை.

என் கல்யாண வாழ்க்கையின் முதல் வருஷத்தைச் சுருக்கமாக எழுதச் சொன்னால் இவ்வளவுதான் எழுதுவேன். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், ‘இத்தனை வாரமாக அவர், அவர் என்றே எழுதுகிறீர்களே, அவருக்குப் பெயர் கிடையாதா?’ என்று கேட்டிருக்கிறார். உண்டு அம்மா. நல்ல பெயர்தான். எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய? இந்த வாரத்துக் கதையே அந்தப் பெயரால் வந்த வினைதான்.

எண்பதுகளின் பின்பாதி. நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் கிண்டியில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சாயங்காலம் நான் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி நடைமேம்பாலத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். அடுத்த எலெக்ட்ரிக் டிரெயினில் அவர் வருவார். இரண்டு பேரும் மேற்குப் பக்கத்து பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். அந்த நடைதான் எங்களுக்கென்று இருந்த நேரம். முடிச்சூரில் அவர் வீடு கூட்டுக் குடும்பம். அங்கே போனால் நான் மருமகள், அவர் மூத்த பிள்ளை. புருஷன் பெண்டாட்டியாக இருந்ததெல்லாம் அந்த மேம்பாலத்தின் மேல்தான்.

முன்படி, பின்படி

முடிச்சூர் பஸ் வந்து நின்றதும் அதுவும் முடிந்துவிடும். பெண்கள் முன்படியில் ஏற வேண்டும், ஆண்கள் பின்படியில். நடுவில் கல்லுப் போல ஒரு கூட்டம். இன்று கட்டினவர்களானாலும் சரி, முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர்களானாலும் சரி, தாம்பரத்தில் எல்லா ஜோடியும் பஸ்ஸில் அனாதைதான்.

ஏறியதும் ஒருவருக்கொருவர் எப்படித் தெரிவித்துக்கொள்வது? அவருக்கு ஒரு வழி இருந்தது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். நீளமாகத் தொடங்கி கடைசியில் வெடுக்கென்று மேலே எகிறும். ‘நான் ஏறிட்டேன், நீ?’ என்று அர்த்தம்.

பஸ்ஸில் விசில் என்பது சாதாரணப் பொருள் இல்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. கண்டக்டர் அடித்தாரா, காக்காய் அடித்ததா என்று டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் இவர் ஜாக்கிரதையாக, வண்டி நிற்கும்போதே ஒன்றே ஒன்று அடிப்பார். நிற்கிற வண்டியை இன்னொரு தடவை நிறுத்த முடியாதே.

முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டியை நாயைக் கூப்பிடுவது போல விசிலடித்துக் கூப்பிடுகிறாரே என்று. பிறகு நாலைந்து நாளில் அந்த எகிறலுக்குக் காது காத்திருக்க ஆரம்பித்தது. கோபமா, ஆசையா என்று எனக்கே புரியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

என் பதில் சிவப்புக் கைப்பை. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவேன். அவர் பார்த்துவிட்டார் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

பெயர் என்னும் பேஜார்

குரல் கொடுக்க வேண்டியதுதானே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். என்னவென்று கொடுப்பது?

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்றாள் என் அம்மா. அவள் என் அப்பாவின் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் ஏழு விரலைக் காட்டுவாள். பிறகு கையை மேலே கூம்பாகக் குவிப்பாள். ‘ஏழுமலையா?’ என்பார் கடைக்காரர். அம்மா வெட்கத்தோடு தலையாட்டுவாள். எங்கள் பள்ளிக்கரணை ரேஷன் கடையில் பாதி நேரம் இப்படி நாடகமாகவே போகும். என் அவருடைய பெயருக்கு விரல் காட்டவும் வழியில்லை.

‘என்னங்க’ என்று கூப்பிடலாம். ஒரு தடவை கூப்பிட்டேன். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் ‘இதோ வர்றேம்மா’ என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்து, என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனார். அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வழி முழுக்க என்னை முறைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த மழை நாள்

ஐப்பசி மழை. பஸ்ஸின் பக்கத் தார்ப்பாய்களை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே விளக்கு எரியவில்லை. நனைந்த தலைமுடி, வாடின மல்லிகை, யாரோ மடியில் வைத்திருந்த சூடான பஜ்ஜி எல்லாம் கலந்து ஒரு வாசனை. நான் எப்படியோ ஏறிவிட்டேன். பின்னாலிருந்து விசில் வந்தது. கைப்பையைத் தூக்கினேன். இருட்டில் சிவப்பாவது, பச்சையாவது.

அவர் பார்த்தாரா இல்லையா தெரியவில்லை. கண்டக்டர் இரண்டு அடித்தார். வண்டி கிளம்பிவிட்டது.

முடிச்சூரில் இறங்கிப் பார்த்தால் அவர் இல்லை. கடைசி ஆள் இறங்கும்வரை மழையில் நின்றேன். அடுத்த பஸ்ஸில் வந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. வலது கையைக் கைக்குட்டையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் ஏறவில்லை என்று நினைத்து, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருக்கிறார்.

“ஏறிட்டேன்னு ஒரு குரல் குடுக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கத்தினார். வலி அவருக்கு.

“என்னன்னு கூப்பிடறது?” என்றேன்.

அவர் சேற்றுக் காலை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் வரவில்லை.

மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைவிரல் வரை கட்டு. இடது கையால் விசில் அடித்துப் பார்த்தார். காற்றும் எச்சிலும்தான் வந்தன. ஆக, கட்டுப் பிரிக்கும்வரை இரண்டு பேரும் ஊமை. தினமும் பஸ்ஸில் அந்த அரை மணி நேரமும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குனிந்து ஜன்னல் வழியாகப் பின்படியைப் பார்ப்பேன். இன்றைக்கும் குதித்திருப்பாரோ? இன்னொரு கையும் போயிருக்குமோ?

ஒரு நாள் மேம்பாலத்தில் நடக்கும்போது கேட்டேன். “எனக்கும் விசில் சொல்லிக்குடுங்க.”

சிரித்தார். “நீ விசில் அடிச்சா ஊர்ல என்னை என்னன்னு சொல்வாங்க?”

அவர் என்னை விசிலடித்துக் கூப்பிட்டபோது ஊர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை. பாலம் முடிந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் பாடம்

எனக்கு அடுத்த மேஜையில் ஸ்டெல்லா. கிழக்குத் தாம்பரத்துக்காரி. மூன்று அண்ணன்களோடு கிரிக்கெட் கிரவுண்டில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிற அதே வாயால் தெருக்கோடியில் போகிற ஆட்டோவை விசிலடித்து நிறுத்துவாள். விஷயத்தைச் சொன்னதும், “இவ்ளோதானா வசந்தா? டூ டேஸ்ல வந்துடும்” என்றாள்.

வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ரெக்கார்டு ரூமில் கதவைச் சாத்திக்கொள்வோம். உதட்டைப் பல்லுக்கு மேல் மடிக்க வேண்டும், கிழவி மாதிரி. நாக்கு நுனியை விரல் நுனிகளால் உள்ளே மடக்கித் தள்ள வேண்டும். பிறகு கீழுதட்டின் மேல் காற்றை விட வேண்டும். ஸ்டெல்லா இரண்டு கையின் சுண்டு விரல்களை வைத்து அடிப்பாள். எனக்கு அது ஆகாது. பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்குமே. அதனால் அவர் மாதிரியே ஒரு கை வளையம்.

“நாக்க ரொம்பத் தள்ளாத. வாந்தி வரும்” என்பாள். “கொஞ்சம் தள்ளு. இப்ப ரொம்பக் கம்மி.” ரொம்பவுக்கும் கம்மிக்கும் நடுவில் எது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தலை சுற்றும். எச்சில் முழங்கை வரை வழியும். தோல் கம்பெனி வாசனையில் அந்தக் கையை வாயில் வைப்பதே பெரிய தியாகம்.

ஒரு நாள் ‘புஸ்’ என்ற காற்றுக்கு நடுவில் நூல் போல ஒரு சத்தம் வந்தது. ஸ்டெல்லா கை தட்டினாள். மறுபடி ஊதினேன், வரவில்லை. வந்தபோது என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றுமே நினைவில்லை. வந்தது எனக்குத் தெரியாமல் வந்தது, போனது எனக்குத் தெரியாமல் போனது.

குக்கர்

வீட்டிலும் விடவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவார். நான் சமையலறையில், குக்கர் சத்தத்தின் மறைவில் வாயில் விரலை வைத்து ஊதிப் பார்ப்பேன். எங்கள் வீட்டுக் குக்கருக்கு சாதம் என்றால் மூன்று விசில். எண்ணுவது அத்தையின் வேலை, அடுப்பை அணைப்பது என் வேலை.

குக்கர் ஒன்று அடித்தது. நான் ஊதினேன், காற்று. மறுபடி ஊதினேன். திடீரென்று காதைக் கிழித்துக்கொண்டு ஒன்று கிளம்பியது. அப்படியே விக்கித்துப் போய், நிஜமா என்று பார்க்க இன்னொன்று அடித்தேன். அதுவும் வந்தது.

“மூணு ஆய்டுச்சு வசந்தா, அடுப்ப அண!” என்றார் அத்தை கூடத்திலிருந்து.

இல்லை என்று எப்படிச் சொல்வது? அணைத்தேன்.

இராத்திரி சாப்பாட்டில் மாமா ஒரு கவளம் மென்று நிறுத்தினார். அத்தை சாதத்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். “இன்னா இது, நல்லா எண்ணித்தான சொன்னேன்? அரிசி நடுவுல கல்லாட்டம் கீது.” குக்கர் வெயிட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, ஊதிப் பார்த்தார். அரிசிக் கடைக்காரரைத் திட்டினார். மாவுக்கட்டுக் கையோடு அவர் ஸ்பூனால் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது.

அதன்பிறகு குக்கர் வைக்கும்போது பழகுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுவாரம் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லடியில் நின்று, அவருடைய அந்தக் கடைசி எகிறலைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். வந்துவிட்டது. நீளமாகத் தொடங்கி, வெடுக்கென்று மேலே.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் நிதானமாக வந்தது. “அடுப்புல குக்கரே இல்லியே வசந்தா. இன்னா விசில் வருது?”

நான் வாளியை இழுத்துத் துணியை அலச ஆரம்பித்தேன். அத்தையும் அதற்குமேல் கேட்கவில்லை. தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

நான்தாங்க

கட்டுப் பிரித்தார்கள். அவர் விசில் திரும்பி வந்தது. என் விசில் என் வாய்க்குள்ளேயே இருந்தது. ரெக்கார்டு ரூமில் அடிப்பது வேறு, முடிச்சூர் ஜனங்கள் முழுக்க நிற்கிற பஸ்ஸில் அடிப்பது வேறு. ‘ஊர்ல என்னை என்னன்னு சொல்வாங்க’ என்ற அவர் சிரிப்பு ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து நின்றது. நான் மறுபடி கைப்பையைத் தூக்க ஆரம்பித்தேன்.

அடுத்த கோடையில் எனக்கு ஏழாவது மாதம். ஒரு சாயங்காலம் பஸ் வந்ததும் கூட்டம் என்னைத் தள்ளிவிட்டுவிட்டு ஏறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன். பின்படியிலிருந்து அவர் விசில் கேட்டது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் இரண்டு அடித்தார். வண்டி நகர்ந்தது.

அவர் என்னைத் தேடிக் குதிப்பார் என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. இந்தத் தடவை கையோடு போகுமா? விரல் எப்போது வாய்க்குப் போனது என்று தெரியாது. அடித்தேன்.

பஸ் பிரேக் போட்டு நின்றது. உள்ளே நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

“யார்ப்பா அது விசில் அட்ச்சது?” என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

அவர் பின்படியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். என் விரல்கள் இன்னும் ஈரம். கண்டக்டரைப் பார்த்துச் சொன்னார். “நான்தாங்க. வொய்ஃப் ஏறலை.”

“அத வாயால சொல்லு சார். விசிலடிச்சு விளையாட இது இன்னா சினிமா கொட்டாயா?”

நான் ஏறினேன். யாரோ இடம் கொடுத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். ஏன் ‘நான்தான்’ என்றார்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, பெண்டாட்டி விசிலடித்தாள் என்பதை மறைக்கவா? இல்லை, அடித்தது நான் என்பதே தெரியாதா? இறங்கி வீடு வரை நடந்தோம். மாமரத்துக் காய் எப்படிக் காய்த்திருக்கிறது என்று பேசினார். விசிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் விசிலடித்தது வெட்கம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் இனி கைப்பைதான் என் ஆயுசுக்கும். அதற்குப் பயந்துதான் நானும் கேட்கவில்லை.

மறுநாள்

மறுநாள் மேம்பாலத்தைக் கடந்து வந்தோம். பஸ் ஸ்டாண்டில் வண்டி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு தயாராக நின்றது. கண்டக்டர் நேரம் குறிக்க டைம் கீப்பர் கூண்டுக்குப் போயிருந்தார். நான் முன்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தேன்.

விசில் வரவில்லை.

வியர்வை வழிந்தது. இன்னும் வரவில்லை. ஏறவில்லையா? ஏறியும் சும்மா இருக்கிறாரா? நேற்று நடந்ததற்குத் தண்டனையா? திரும்பிப் பார்க்க வழியில்லை, நாலு பக்கமும் முதுகுகள். பயம் மெல்லமெல்லக் கோபமாக மாறியது. எதுவானாலும் ஆகட்டும். விரலை வாயில் வைத்து, நீளமாகத் தொடங்கி, கடைசியில் மேலே எகிறவிட்டேன்.

முன்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, “இன்னாடி யம்மா!” என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு, பின்பக்கத்திலிருந்து, அதே ராகத்தில் பதில் வந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணோடு நிற்கும்போதே பஸ் குலுங்கி முன்னால் நகர்ந்தது. இரண்டு விசில் கேட்டால் டிரைவர் வேறு என்ன செய்வார்? வண்டியை எடுத்துவிட்டார்.

“யோவ், நிறுத்துய்யா! நிறுத்து!” தோல்பை ஒரு பக்கம் ஆட, டிக்கெட் கட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கண்டக்டர் பின்னால் ஓடி வந்தார். திருப்பத்தில் வண்டி வேகம் குறைந்தபோது முன்படியைப் பிடித்துத் தொற்றி ஏறினார். மூச்சு வாங்கியது.

“இன்னா பேஜாருப்பா இது! கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்கிறியே?”

“ரெண்டு விசில் வந்துச்சு, எட்த்தேன்” என்றார் டிரைவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு.

“எவன்டா அட்ச்சது?”

எனக்குத் தெரியும், அவர் சொல்லப் போகிறார். ‘நான்தாங்க’ என்று நேற்று போலவே சொல்லப் போகிறார். சொன்னால் முடிந்தது.

“ஒண்ணுதாங்க நான் அடிச்சது” என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“அப்ப இன்னொண்ணு?”

பின்னாலிருந்து பதில் இல்லை. அவர் அந்த இடத்தை எனக்காகக் காலியாக விட்டிருந்தார். கம்பியிலிருந்து கையை எடுத்துத் தூக்கினேன்.

“நான்” என்றேன்.

கண்டக்டர் என் கையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். திட்டுவதற்குத் திறந்த வாயை வேறு வேலைக்குத் திருப்பினார். “யாராச்சும் அந்தம்மாக்கு எடம் குடுங்கம்மா மொதல்ல.” பிறகு தன்னுடைய விசிலை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு அடித்தார். பின்பக்கத்தில் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

இறங்கி நடக்கும்போது கேட்டேன். “நேத்து ஏன் நான்தான்னு சொன்னீங்க?”

“பஸ்ஸு நிக்குது. நீ கீழ நிக்கிற. அவன் கத்தறான். வாயில வந்தத சொன்னேன்.”

“நான்தான் அடிச்சேன்னு தெரியுமா?”

“தெரியும்னும் சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது. என் விசில் மாதிரியே இருந்துச்சு, ஆனா நான் அடிக்கல. ராத்திரியெல்லாம் தூங்கல தெரியுமா? அதான் இன்னிக்கு அடிக்காம நின்னு பார்த்தேன், எங்கேர்ந்து வருதுன்னு.”

“ஊர்ல உங்கள என்னன்னு சொல்வாங்க?”

“சொல்லட்டும்” என்றார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். “ஆமா, யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு?”

“நம்ம வூட்டுக் குக்கர்தான்” என்றேன்.

நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வருஷமாக என் முகத்தில் இருந்த குழப்பம் முழுக்க இப்போது அவர் முகத்துக்குப் போயிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி முன்னால் நடந்தேன்.